பெரியய்யா குடும்பத்துக்கு மரித்தோர் பூசை

மலையைக் குடைந்து அணைத் தண்ணீர் எங்கள் பக்கம் இறங்கியதற்கு மறு வருஷம், என் அய்யா கோயிலுக்குப் போய், தன் அண்ணன் குடும்பத்துக்காக ஒரு மரித்தோர் பூசை வைக்க வேண்டும் என்று சாமியாரிடம் கேட்டார். நானும் உடன் போயிருந்தேன். எனக்கு அப்போது இருபது வயது இருக்கும். அனுமந்தன்பட்டிக் கோயில் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.

சாமியார் வெள்ளைக்காரர். தமிழைப் புத்தகத்தில் படித்துக் கற்றவர். ஊரார் பேசுவது போல அவருக்குப் பேச வராது.

"எப்போது மரித்தார்கள்?" என்று கேட்டார்.

"தாது வருசப் பஞ்சத்துல போனாக சாமி. போனவக திரும்பல."

"போனார்கள் என்கிறீர். மரித்தார்கள் என்று யார் சொன்னது?"

அய்யா தோள் துண்டை எடுத்துக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார்.

"உயிரோடு இருக்கிறவனுக்கு நான் மரித்தோர் பூசை வைக்க மாட்டேன். விசாரித்து வாரும். உம்முடைய மகன் படித்தவன்தானே, கோயில் புத்தகங்களை அவன் பார்க்கட்டும்" என்றார் சாமியார்.

இப்படித்தான் நான் தேடப் போனேன். என் பெரியய்யாவை நான் பார்த்ததில்லை. பார்த்திருந்தாலும் நினைவிருக்காது. பஞ்ச காலத்தில் நான் கைக்குழந்தை. அண்ணனும் தம்பியும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். வீட்டில் தானியம் பானையின் அடிக்கு வந்தபோது, "நீ பிள்ளைய வச்சுக்கிட்டு இங்கன கெட. நாங்க மலைப்பக்கம் போய்ப் பொழச்சுக்கிறோம்" என்று சொல்லிவிட்டுப் பெரியய்யா, பெரியாத்தாவையும் மூன்று பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு தெற்கே நடந்தாராம். மீதமிருந்த கேப்பையை எங்களுக்கு விட்டுவிட்டுப் போனார். இதை அய்யா சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடம். கைக்குழந்தை ஒன்று வீட்டில் இல்லாமலிருந்தால் அவர்கள் போயிருக்க மாட்டார்களோ என்று சின்ன வயதில் ஒரு தடவை அய்யாவிடம் கேட்டேன். அவர் என் முதுகில் ஒன்று வைத்தார். அதற்குப் பிறகு கேட்கவில்லை.

வாய்க்காலை ஒட்டி எங்களுக்கு ஒரு புஞ்சை இருந்தது. பட்டா பெரியய்யா பெயரில். சோளமும் கம்பும் விதைத்துக்கொண்டிருந்த வரைக்கும் பட்டா யார் பெயரில் இருந்தால் என்ன என்று யாரும் கேட்கவில்லை. அணைத் தண்ணீர் வாய்க்காலில் வந்ததும் அது நெல் விளைகிற நிலமாகிவிட்டது. அண்ணன் வாரிசு ஒருவரும் இல்லை என்று காட்டினால் பட்டாவை மாற்றிக்கொள்ளலாம் என்று ஊரில் நாலு பேர் அய்யாவுக்கு யோசனை சொன்னார்கள். அவர் பூசை கேட்டது அண்ணனுடைய ஆத்துமத்துக்காகவா, அந்த நிலத்துக்காகவா என்று எனக்குத் தெரியாது. அவருக்கே தெரிந்திருக்குமா என்பதும் சந்தேகம். அவர் நல்ல மனிதர்.

என் ஆத்தாளுக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. "போனவகளக் கிண்டிக் கெளறி இப்ப என்னத்துக்கு?" என்றாள். யாராவது உயிரோடிருந்து நிலத்தில் பங்கு கேட்டு வந்துவிடுவார்களோ என்று பயப்படுகிறாள் என நினைத்துக்கொண்டேன்.

கோயில் புத்தகங்கள் லத்தீனில் இருந்தன. பூசையில் பணிவிடை செய்து வளர்ந்தவன் என்பதால் எழுத்துக்கூட்டத் தெரியும். மற்றதைச் சாமியார் சொல்லிக்கொடுத்தார். எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு கோயில் பாதுகாவலரான அதே அர்ச்சியசிஷ்டவரின் பெயர். தகப்பன் பெயரையும் ஞானத்தகப்பன் பெயரையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஆள் பிடிபடும். பெரியய்யாவின் கல்யாணத்தைக் கண்டுபிடித்தேன். பிறகு அவர் பிள்ளைகள் மூவரின் ஞானஸ்நானம்: மூத்தவன், அடுத்து ஒரு பெண், கடைசியில் ஒரு பையன். அதற்கு இரண்டு பக்கம் தள்ளி என் பெயர். என் ஞானத்தாய் யார் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. கேட்டால் ஆத்தா பேச்சை மாற்றிவிடுவாள். புத்தகத்தில் பெரியாத்தாவின் பெயர் எழுதியிருந்தது. என்னைக் கையில் ஏந்தித் தண்ணீர்த் தொட்டியண்டை நின்றவள் அவள்தான்.

பிறகு மரித்தோர் புத்தகம். தாது வருஷத்துப் பக்கங்களில் கையெழுத்தே மாறியிருந்தது. ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடைவெளி கிடையாது. 'கிழக்கிலிருந்து வந்த ஸ்திரீ', 'பெயர் தெரியாத பையன்' என்றெல்லாம் எழுதியிருந்தது. ஒவ்வொரு வரியாக விரலை ஓட்டிக்கொண்டு வந்தேன். இருக்க வேண்டும், இதிலே இருக்க வேண்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன். கொஞ்ச தூரம் போன பிறகுதான் எது இருக்க வேண்டுமென்று வேண்டிக்கொண்டிருக்கிறேன் என்பது உறைத்தது. விரல் அங்கேயே நின்றுவிட்டது. எதிரே மேஜையில் சாமியார் எதையோ எழுதிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்துவிடப் போகிறாரே என்றிருந்தது.

அவர்கள் பெயர் அந்தப் புத்தகத்தில் இல்லை.

அடுத்ததாக ஊர்க் கணக்குப்பிள்ளையிடம் போனேன். பத்து வருஷத்துக்கு ஒரு தரம் எடுக்கிற கானேஷுமாரியின் வீட்டுக் கணக்கில் ஒரு பிரதியை அவர் அப்பா காலத்திலிருந்து கட்டி வைத்திருந்தார்கள். பஞ்சத்துக்கு முந்திய கணக்கில் எங்கள் வீட்டில் இரண்டு குடும்பம். பஞ்சத்துக்குப் பிந்திய கணக்கில் அய்யா, ஆத்தா, நான். பெரியய்யா பெயருக்கு நேரே 'ஊரில் இல்லை' என்று இருந்தது.

"செத்துப்போயிருந்தா எங்கய்யா 'காலம்'னு எழுதிருப்பாரு. இல்லைன்னு எழுதிருக்காரே, அப்ப யாருக்கும் தெரியலைன்னு அர்த்தம்" என்றார் கணக்குப்பிள்ளை. "அந்த வருசம் தெக்க போனவக எல்லாம் கூடலூர் வழியாத்தான் போனாக. அங்கன கோயில்ல கேட்டுப் பாரு."

கடைசியாக நடந்த கணக்கெடுப்பு எனக்கே நினைவிருந்தது. கதவில் காவியால் நம்பர் போட்டுவிட்டு, "வீட்டில் எத்தனை பேர்?" என்று கேட்டார்கள். படித்த பையன் என்று நான்தான் முன்னால் நின்று மூன்று பெயர் சொன்னேன். "இந்த வீட்டைச் சேர்ந்தவர்கள் வேறே யாரும்?" என்றார் எழுதினவர். "யாரும் இல்லை" என்றேன். அதைச் சொல்ல எனக்கு ஒரு தயக்கமும் இருக்கவில்லை.

உப்பு ஏற்றிப்போன வண்டி ஒன்றில் தொற்றிக்கொண்டு கூடலூர் போனேன். அங்கிருந்த சின்னக் கோயிலுக்கு நிரந்தரச் சாமியார் கிடையாது. உபதேசியார் ஒருவர் புத்தகங்களை மரப்பெட்டியில் பூட்டி வைத்திருந்தார். சாமியார் கொடுத்த சீட்டைக் காட்டியதும் பெட்டியைத் திறந்துவிட்டார்.

பஞ்ச வருஷத்துப் புத்தகத்தில் பெரியய்யாவின் பெயர் சீக்கிரமே கிடைத்துவிட்டது. 'அனுமந்தன்பட்டியான்' என்று எழுதி, என் தாத்தாவின் பெயரைத் தகப்பன் பெயராகப் போட்டிருந்தது. அதற்குக் கீழேயே கடைசிப் பையன். அப்பனும் மகனும் ஒரே வாரத்தில் போயிருந்தார்கள். நான் தாளில் குறித்துக்கொண்டேன். வெளியே வந்து கிணற்றில் தண்ணீர் இறைத்து முகம் கழுவி, கட்டிக்கொண்டு வந்த சோற்றைப் பிரித்து ருசித்துச் சாப்பிட்டேன்.

உபதேசியார் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வரும்போது மூஞ்சி வாடிக் கெடந்துச்சு. இப்பத் தெளிஞ்சிருச்சே தம்பி. நல்ல சேதிதானா?"

"எங்க பெரியய்யா இறந்துட்டாக" என்றேன்.

அவர் உள்ளே போனார். கொஞ்ச நேரம் கழித்து வேறொரு புத்தகத்தோடு வந்தார். "அணை வேலைக்கு மேல போய்ச் செத்தவுகள இதுல எழுதிருக்கு. உங்க ஊர்க்காரவுக ரெண்டு மூணு பேர் உண்டு. பாக்கிறீகளா?" என்றார்.

பார்க்காமலே வந்திருப்பேன். அணை வேலை ஆரம்பித்தது பஞ்சம் போய்ப் பத்து வருஷம் கழித்து. ஆனால் அவர் முன்னால் வேண்டாமென்று சொல்லக் கூச்சமாக இருந்ததால் வாங்கிப் புரட்டினேன். பக்கம் பக்கமாகக் காய்ச்சல், காய்ச்சல், வாந்திபேதி. எல்லாம் வாலிப வயதுக்காரர்கள். கடைசிப் பக்கங்களில் ஒன்றில் பெரியய்யாவின் மூத்த மகன் இருந்தார். தகப்பன் பெயர், ஊர், வயது எல்லாம் சரியாக இருந்தது; கல்யாணமாகாதவர் என்றும் போட்டிருந்தது. அவர் செத்தது தண்ணீர் வருவதற்குக் கொஞ்ச காலம் முன்புதான். அதுவரை உயிரோடு இருந்திருக்கிறார். எங்கள் ஊரிலிருந்து ஒரு நாள் நடையில், நான் பள்ளிக்கூடம் போய்வந்துகொண்டிருந்த வருஷமெல்லாம், என் அண்ணன் ஒருவர் கல் சுமந்துகொண்டு இருந்திருக்கிறார்.

வரியின் ஓரத்தில் சின்ன எழுத்தில் சாமியார் ஒருவர் ஒரு குறிப்பு எழுதியிருந்தார். 'சகோதரி மார்க்கையன்கோட்டையில். அறிவிக்கப்பட்டது.'

மார்க்கையன்கோட்டை எங்களுக்கு வடக்கே, சின்னமனூரைத் தாண்டி. காலையில் புறப்பட்டால் மத்தியானம் போய்ச் சேர்ந்துவிடலாம். மாடு வாங்க அய்யா எத்தனையோ தடவை போயிருக்கிறார்.

அங்கே போய் அணை வேலையில் அண்ணனைப் பறிகொடுத்த பெண் என்று கேட்டதும் வீட்டைக் காட்டினார்கள். எங்கள் சாதிக்காரர்கள்தான், ஆனால் வேதத்தில் சேராதவர்கள். தொழுவத்தில் ஒருத்தி கன்றுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். நெற்றியில் திருநீறு. இடுப்பில் ஒரு பிள்ளை, காலைக் கட்டிக்கொண்டு ஒரு பிள்ளை.

"யாரு?" என்றாள்.

"அனுமந்தன்பட்டியிலருந்து வர்றேன்."

அவள் வாளியைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். "சின்னய்யா மகனா?"

"ஆமா."

"அப்பக் கைப்பிள்ள" என்றாள். பிறகு, "உள்ள வா தம்பி" என்று கூப்பிட்டு மோர் கொடுத்தாள். அய்யா சுகமா, கண் பார்வை நன்றாக இருக்கிறதா, இன்னும் ஏர் பிடிக்கிறாரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். என் ஆத்தாளைப் பற்றி மட்டும் கேட்கவில்லை. நான் அதைக் கவனித்தேன். ஆனாலும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பூசைக்காக விசாரிக்க வந்ததாகச் சொன்னேன். அக்கா தலையை ஆட்டினாள். நிலத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"அண்ணன் கூடாரத்துல காய்ச்சலாக் கெடக்குன்னு ஆள் வந்து சொன்னாக. நான் மலையேறிப் போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு. குழிமேட்டத்தான் பாத்தேன். அண்ணன்தான் என்னையத் தேடிக் கண்டுபிடிச்சது. காப்பித் தோட்டத்துலருந்து எறங்கி வந்து, ஒவ்வொரு ஊராக் கேட்டுக் கேட்டு வந்துச்சு. வருசத்துக்கு ஒருக்கா பொங்கலுக்கு வரும்."

"எங்க வீட்டுக்கு வரலையே அக்கா."

"அது வராது" என்றாள்.

"பெரியாத்தா?"

"ஆத்தாளுக்கு இந்த ஊர்லதான் முடிஞ்சுச்சு. இவுகதான் எடுத்துப் போட்டாக. என்னையும் இவுகதான் வளத்தாக." தன் புருஷன் வீட்டாரைச் சொன்னாள்.

கூடலூரில் அப்பனும் தம்பியும் செத்த பிறகு, அண்ணனை யாரோ மலைக்கு அந்தப் பக்கம் தோட்ட வேலைக்குக் கூட்டிப்போய்விட்டார்களாம். தாயும் மகளும் மட்டும் வடக்கே நடந்திருக்கிறார்கள்.

"இந்த ஊருக்கா?"

"இந்த ஊர் எங்களுக்கு யாரு? நம்ம வீட்டுக்குத்தான் வந்தோம்."

"நம்ம வீட்டுக்கா? எங்க அய்யா அப்படிச் சொன்னதே இல்லையே."

"சின்னய்யா வீட்டுல இல்ல. கதவு சாத்திருந்துச்சு."

எனக்கு மூச்சு வந்தது. "அய்யா அப்ப ரோடு போடுற பஞ்ச வேலைக்குப் போயிருப்பாக. ஆத்தாளும் எங்கயாச்சும் கீரை பறிக்கப் போயிருக்கும். வீட்டுல ஆள் இல்லாம இருந்திருக்கும் அக்கா" என்றேன்.

அவள் இடுப்புப் பிள்ளையை இறக்கி விட்டாள். "உள்ள நீ அழுதுக்கிட்டிருந்த தம்பி" என்றாள்.

நான் மோர்ச் செம்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"ஆத்தா கதவத் தட்டுச்சு. 'அடியே, நாந்தாண்டி'ன்னு சொல்லுச்சு. நீ வீல் வீல்னு கத்திக்கிட்டிருந்த. திடீர்னு சத்தம் நின்னுபோச்சு. மார் குடுத்துட்டாகன்னு சின்னப்பிள்ள எனக்கே வெளங்குச்சு. கதவு தெறக்கல. ஆத்தா ரொம்ப நேரமெல்லாம் தட்டல. 'பிள்ள உறங்கட்டும், வா போவோம்'னு என் கையப் பிடிச்சுக் கூட்டியாந்துருச்சு."

அவள் குரல் உயரவில்லை. அவள் புருஷன் வந்து என்னைச் சாப்பிடச் சொன்னார். வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அவர் சின்னமனூர் ரோடு வரைக்கும் கூடவே வந்து, "மாமாவ ஒருக்கா வந்துட்டுப் போகச் சொல்லுங்க" என்றார்.

வீடு வந்து சேர்ந்ததும் அய்யாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கதவை மட்டும் சொல்லவில்லை. பெரியாத்தா மார்க்கையன்கோட்டைக்குப் போய்ச் செத்தாள் என்பதோடு நிறுத்திக்கொண்டேன். அய்யா சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து அழுதார். "மாடு பிடிக்க அந்தத் தெருவுலயே நடந்திருக்கேனே, அந்தத் தெருவுலயே நடந்திருக்கேனே" என்று அதையே திருப்பித் திருப்பிச் சொன்னார். ஆத்தா அடுப்பண்டை இருந்தாள். அழவும் இல்லை, ஒன்றும் கேட்கவும் இல்லை.

மறுநாள் அய்யா வயலுக்குப் போன பிறகு, நான் சட்டையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது ஆத்தா, "கதவப் பத்திச் சொன்னாளா?" என்று கேட்டாள்.

"சொன்னா."

"என்ன சொன்னா?"

"நான் அழுதேன்னு சொன்னா."

ஆத்தா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "ஒரு படி கேப்பை இருந்துச்சு. ஒரே ஒரு படி. எனக்குப் பால் வத்திப்போயி ரத்தந்தான் வந்துச்சு. கதவத் தெறந்தா அந்த மகராசிக்கு இல்லைன்னு சொல்ல எனக்கு வாய் வராது. அதான் தெறக்கல. சத்தம் குடுத்தா எங்கன தெறந்துருவனோன்னு ஒன்ன மாரோட அமுக்கிக்கிட்டு மூலையில உக்காந்துட்டேன்."

"அவுக விட்டுட்டுப் போன கேப்பைதான?"

"ஆமா" என்றாள் ஆத்தா. "அவுக விட்டுட்டுப் போனதுதான்."

நான் அவளைத் திட்டியிருக்கலாம். அப்படி ஒரு நினைப்பு வரத்தான் செய்தது. ஆனால் அந்தக் கேப்பையைத் தின்று வளர்ந்த உடம்பில் சட்டையை மாட்டிக்கொண்டு, அவளை என்ன சொல்லித் திட்டுவது? "அய்யாட்ட சொல்ல மாட்டேன்" என்று மட்டும் சொன்னேன். அவள் அதற்கும் ஆறுதல் அடைந்ததாகத் தெரியவில்லை. "சொன்னாலும் சொல்லு" என்றாள்.

நான் சொல்லவே இல்லை. அய்யா சாகும் வரைக்கும் அவருக்குத் தெரியாது.

அய்யா மார்க்கையன்கோட்டைக்குப் போய் அக்காவைப் பார்த்து வந்தார். வந்த கையோடு, நிலத்தில் பாதியை அவளுக்கு எழுதிவிடுவதென்று சொன்னார். அவள் வேண்டாமென்று சொல்லிவிடுவாள் என்று நான் எதிர்பார்த்தேன். இதை எழுதக் கை கூசுகிறது. ஆனால் எதிர்பார்த்தேன் என்பதுதான் உண்மை. பெருந்தன்மையாக மறுத்துவிடுவாள், நாங்களும் கண் கலங்கிவிட்டு முழு நிலத்தையும் வைத்துக்கொள்ளலாம் என்று என் மனதின் ஒரு மூலையில் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. அய்யா மறுபடி போய்ச் சொன்னபோது அவள் மறுக்கவில்லை. "எங்கய்யா பங்கு எனக்கு வரட்டும் சின்னய்யா" என்றாளாம். அவள் புருஷன் வந்து நின்று நிலத்தை அளந்தார். வாய்க்கால் பக்கத்துப் பாதி அவர்களுக்கு, மேட்டுப் பக்கம் எங்களுக்கு என்று அய்யாவே முடிவு செய்தார். அளவுக் கயிற்றின் ஒரு முனையைப் பிடித்தவன் நான். கயிற்றை இழுத்துப் பிடிக்கும்போது என் நெஞ்சு எரிந்தது. அது எதற்காக எரிகிறது என்று தெரிந்ததால் இன்னும் எரிந்தது.

பூசைக்கு நாள் குறித்தார் சாமியார். அதற்கு முன்னால், கோயிலுக்கு வெளியே செத்தவளென்றாலும் பெரியாத்தா ஞானஸ்நானம் பெற்றவள்தான் என்பதால், அவள் பெயரை எங்கள் ஊர் மரித்தோர் புத்தகத்தில் பின்குறிப்பாக எழுதிக்கொள்வதாகச் சொல்லி எங்களைக் கூப்பிட்டார். அய்யா, ஆத்தா, நான் மூவரும் போனோம்.

"எதனால் மரித்தாள்?" என்று கேட்டுவிட்டு, பேனாவை மையில் தோய்த்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

அக்கா எனக்குச் சொல்லியிருந்தாள். எங்கள் கதவிலிருந்து திரும்பி நடந்து மார்க்கையன்கோட்டை வந்து சேர்ந்தபோது, அங்கே கொடுத்த கஞ்சியைக்கூடப் பெரியாத்தாவால் விழுங்க முடியவில்லையாம். ஆத்தா எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். அவள் மூச்சு விடுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

"காய்ச்சல்" என்றேன்.

அவர் லத்தீனில் எழுதினார். இன்றும் அங்கே அப்படித்தான் இருக்கிறது.

பூசையன்று அக்கா புருஷனோடும் பிள்ளைகளோடும் வண்டியில் வந்தாள். கோயிலுக்குள் வரவில்லை. வாசற்படிக்கு வெளியே நின்று, நால்வர் பெயரையும் சாமியார் வாசிக்கும்போது முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பூசை முடிந்ததும் அய்யா அவள் கையைப் பிடித்து, "வீட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்ட்டுட்டுப் போ ஆத்தா" என்று கெஞ்சினார். வீட்டில் விடியற்காலையிலிருந்து ஆத்தா சமைத்து வைத்திருந்தாள். நெல்லுச் சோறு, பருப்பு, கோழிக் குழம்பு.

"பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு இருட்டுறதுக்குள்ள போகணும் சின்னய்யா" என்றாள் அக்கா. அவள் புருஷன் மட்டும் வந்து சாப்பிட்டார்.

அவர் சாப்பிட்டு எழுந்ததும், ஆத்தா மீதிச் சோற்றை இலையில் கட்டி என்னிடம் கொடுத்து, "ஓடு" என்றாள். நான் கோயில் பக்கம் நின்றிருந்த வண்டிக்கு ஓடினேன். அக்கா பொட்டலத்தை வாங்கி என் முன்னாலேயே பிரித்தாள். பிள்ளைகளுக்கு உருட்டி உருட்டி ஊட்டினாள். அவை ஆசையாகத் தின்றன. அவள் ஒரு பருக்கையும் வாயில் வைக்கவில்லை. இலையை மாட்டுக்குப் போட்டுவிட்டுக் கை கழுவினாள்.

"நீ வருத்தப்படாத தம்பி. ஒன் மேல ஒண்ணும் இல்ல" என்றாள்.

அவள் புருஷன் வந்து ஏறியதும் வண்டி கிளம்பிவிட்டது. என் மேல் ஒன்றும் இல்லை என்று அவள் சொன்னதும் என் உடம்பு லேசாகியது. வீட்டை நெருங்க நெருங்க அந்த லேசு எனக்கு வெட்கமாகிவிட்டது. வாசலில் ஆத்தா நின்றிருந்தாள்.

"சாப்ட்டாளா?"

"பிள்ளைக சாப்ட்டுச்சுக."

"அவ?"

"அவளும்தான்" என்று சொன்னேன். நான் சொன்னதை ஆத்தா நம்பவில்லை. நம்பாதது எனக்குத் தெரியும் என்பதும் அவளுக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு அறுவடைக்கும் அக்காவின் புருஷன் எங்கள் வீட்டுக்கு ஒரு மரக்கால் புது நெல் கொண்டுவந்து வைப்பார். அய்யாவும் நானும் அதில் பொங்கிச் சாப்பிடுவோம். ஆத்தா அன்றைக்குத் தனக்குக் கேப்பைக் களி கிண்டிக்கொள்வாள். பல் வலி, சோறு ஒத்துக்கொள்ளவில்லை என்று ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் சொல்வாள். அய்யா அவளைக் கேலி செய்வார். எனக்கு அந்தச் சோறு இறங்காது. ஆனாலும் அய்யா எதையும் கண்டுகொண்டுவிடக் கூடாதே என்று இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிடுவேன்.

அடுத்த பாஸ்குத் திருநாளுக்கு முன்னால் கோயிலுக்குப் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனேன். மற்றப் பாவங்களையெல்லாம் சொல்லி முடித்த பிறகு, "சாமி, ஒரு குடும்பம் செத்திருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்" என்றேன்.

"ஆசைப்பட்டதால் யாராவது செத்தார்களா?"

"இல்லை. அவர்கள் முன்பே செத்தவர்கள்."

"வேறே?"

"ஒரு கதவு திறக்காமல் போனது. அதற்கு நான் காரணம்."

"அப்போது உனக்கு என்ன வயது?"

"மாதக் கணக்கு சாமி."

வலைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் சாமியாரின் தலை என் பக்கம் திரும்பியது. என்னைத் தெரிந்துகொண்டிருப்பார். புத்தகத்தில் அவர் கைப்பட எழுதினதும் அவருக்கு நினைவு வந்திருக்கும். புத்தகத்தில் காய்ச்சல் என்று சொல்லி எழுதவைத்ததையும் சொல்லலாமென்று வாய் எடுத்தேன். அது என் பாவம் மட்டுமல்ல, ஆத்தாளுடையதையும் சேர்த்துச் சொன்னதாகிவிடுமே என்று நிறுத்திக்கொண்டேன்.

"மகனே, இதில் பாவம் இல்லை. இதற்கு அபராதம் ஒன்றும் கொடுக்க மாட்டேன். சமாதானமாகப் போ" என்றார்.

மற்றப் பாவங்களுக்கு மூன்று அருள்நிறைந்த மந்திரம் சொல்லச் சொன்னார். இதற்கும் ஏதாவது கொடுத்திருக்கலாம். முழங்காலில் ஊரைச் சுற்றி வரச் சொல்லியிருந்தாலும் வந்திருப்பேன். அவர் சின்னக் கதவைச் சாத்திவிட்டு மறுபக்கத்து ஜன்னலைத் திறக்கிற சத்தம் கேட்டது. நான் எழுந்திருக்காமல் அங்கேயே முழங்காலில் இருந்தேன். எனக்குப் பின்னால் காத்திருந்த பெண் இருமினாள். பிறகு, "முடிஞ்சிருச்சா தம்பி?" என்று மெல்லக் கேட்டாள். நான் எழுந்து அவளுக்கு இடம் விட்டேன்.